செகண்ட் கியர் அண்ணனும் ஒரு ஜெர்மன் காரும்

தஞ்சாவூர் ஜில்லா முழுவதையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் செகண்ட் கியர் அண்ணனைவிட மெதுவாகக் கார் ஓட்டுகிற ஒரு பிறவி கிடைத்திருக்காது. சைக்கிள் அவரை முந்தும். நெல் மூட்டை ஏற்றிய மாட்டு வண்டி முந்தும். ஒரு தடவை திருவாரூர்த் தேரே முந்திவிட்டது என்று எங்கள் கடைத்தெரு டீக்கடையில் அடித்துச் சொல்வார்கள். தேர் விஷயத்தை நான் நம்பவில்லை. மற்றதெல்லாம் நானே கண்ணால் கண்டது.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போனவர்கள் உறையின் மேல் என்ன எழுதுவது என்று தயங்கினால், "செகண்ட் கியர்னே எழுதுங்க, வந்து சேந்துடும்" என்பார். சேர்ந்துவிடும். ஆனால் அவர் வந்து சேர்வதற்குள் பந்தி முடிந்திருக்கும்.

திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். சுற்று வட்டாரத்து வயலில் பாதி பெரிய பண்ணை என்கிற மிராசுதாருக்குச் சொந்தம். அந்தப் பெரிய பண்ணைக்குத்தான் அண்ணன் வெகுகாலம் டிரைவர். கார் என்றால் சாதாரணக் கார் இல்லை, ஜெர்மன் கார்! கன்னங்கரேல் என்று, கப்பல் மாதிரி நீளமாக, மேல்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். பெரிய பண்ணையின் அப்பா மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கியது. இத்தனை பெரிய காரை வைத்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் ஓட்டுகிறாரே, மூன்றாவது கியர் பழுதோ என்று ஊருக்கு ரொம்ப நாள் சந்தேகம். நான் ஒரு நாள் கேட்டேவிட்டேன்.

"பழுதெல்லாம் இல்ல தம்பி. ஐயா உத்தரவு" என்றார். "வேகமா போனா, ஜனங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள வண்டி போயிடுமாம். தோள்ல கெடக்குற துண்டை எடுத்து இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்புடறதுக்கு நேரம் குடுக்கணும்ல? அதான் செகண்டு."

இதற்கென்றே ஆரன் ஒன்று உண்டு. அந்த ஜெர்மன் ஆரனின் குரல் வேறு எந்தக் காருக்கும் கிடையாது. அடிவயிற்றிலிருந்து, யானை கொட்டாவி விட்ட மாதிரி, 'பாஆஆம்' என்று ஒரு சத்தம். ஊர் எல்லையில் அது கேட்டதும் வயலில் குனிந்திருந்தவன் நிமிர்வான், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எழுவான், பண்ணை வாட்ச்மேன் ஓடிப்போய் இரும்பு கேட்டைத் திறப்பான், பண்ணையின் வரவு செலவு பார்க்கிற ஏஜெண்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்து கார்க் கதவைத் திறந்து, "வாங்கய்யா" என்பார். வருஷக்கணக்காக ஒரு நாளும் இது பிசகியதில்லை.

அப்புறம் காலம் மாறியது. ஆட்சி மாறி, கரை வேட்டிகள் வந்தன. நில உச்சவரம்பு வந்தது. வயல் வரப்பில் சிவப்புக் கொடி ஏறி, அறுவடைக் கூலிக்குச் சண்டை நடந்தது. வயலில் வேலை செய்தவர்கள் ஆரன் சத்தம் கேட்டால் நிமிர்வதை நிறுத்திவிட்டார்கள். எழுந்து நிற்காத ஊரில் மெதுவாகப் போவதைப் போல அவமானம் உண்டா? பெரிய பண்ணை நாலு பக்கமும் கண்ணாடி மூடிய புதுக் கார் ஒன்றும், அதைக் கண்மண் தெரியாமல் விரட்டுகிற புது டிரைவர் ஒருத்தனையும் வாங்கிக்கொண்டார். ஜெர்மன் கார் வைக்கோல் கொட்டகைக்குப் போனது. அண்ணன் டீக்கடைக்கு வந்தார்.

எனக்கு அப்போது பந்தல், நாற்காலி, பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுகிற கடை. ஒரு நாள் செல்வராசு வந்தான். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் அப்பா காத்தான் பெரிய பண்ணையில் ஆயுசு முழுக்கப் பண்ணையாளாக உழைத்தவர். அவர் மகன் படித்து வாத்தியாராகிவிட்டான், கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது. ஆனால் முகம் மட்டும் தொங்கிக்கிடந்தது.

"மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் கெடைக்க மாட்டேங்குதுடா" என்றான். "மேலத் தெரு வழியான்னு சொன்னதும் அத்தனை டாக்சிக்கும் அன்னிக்கு மட்டும் டயர் பஞ்சராம்."

"ஏன், வேற தெருவே இல்லியா?"

"எங்க தெற்குத் தெருவுலேருந்து எந்த மாப்பிள்ளையும் இதுவரைக்கும் மேலத் தெருவுல கார்ல போனதில்ல. எங்கப்பா அங்க இருக்குற பெரிய பண்ணை வாசல் வர்றப்பல்லாம் செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நடந்தாரு. அவரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு அந்த வாசல் வழியா நான் போகணும். இல்லேன்னா எனக்கு மாப்பிள்ளை அழைப்பே வேண்டாம்."

எனக்கு எங்கிருந்துதான் ரோஷம் வந்ததோ! "போடா, நானே கார் வாங்கறேன்! முதல் சவாரி நீதான்!" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன். சைக்கிளைத் தவிர வேறு வாகனத்தைத் தொட்டுப் பார்த்திராத ஆசாமி நான். எங்கள் பக்கத்தில் அப்போது விற்பனைக்கு இருந்த கார் ஒன்றே ஒன்றுதான். அது எந்த வைக்கோல் கொட்டகையில் நின்றது என்று சொல்ல வேண்டியதில்லை.

யோசனை கேட்க டீக்கடைக்கு ஓடினேன். விஷயத்தை முழுதாகக் கேட்ட அண்ணன், ஊதி ஊதி டீயைக் குடித்து முடித்து, தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு உபதேசத்தை ஆரம்பித்தார்.

"பழைய ஜெர்மன் வண்டி வாங்கறவன் முதல்ல எஞ்சினைத் தொறந்து பாக்கக் கூடாது தம்பி. நமக்குப் புரியாது. புரியலேங்கறது விக்கிறவனுக்குத் தெரிஞ்சுபோயிடும்."

"சரிண்ணே. துருப் பிடிச்சிருக்கான்னு தட்டிப் பாக்கலாமா?"

"ஐயையோ! தட்டினா உழுந்துடும். உழுந்தா நம்ம தலையில கட்டிடுவாங்க."

"ஸ்பேர் பார்ட்டு கெடைக்குமா?"

"ஏன் கெடைக்காது? ஜெர்மனியில கெடைக்கும்."

அண்ணனையும் கூட்டிக்கொண்டு வைக்கோல் கொட்டகைக்குப் போனேன். பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் கும்பிட்டு, "குஞ்சு பொரிக்கிற வண்டி ராசியான வண்டி" என்றார். அப்புறம் டயரைப் பார்க்கவில்லை, பிரேக்கை மிதிக்கவில்லை. நேரே போய் ஆரன் மேல் கன்னத்தை வைத்து, காணாமல் போன பிள்ளையைக் கண்ட மாதிரி நின்றார். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

கூட வந்த ஏஜெண்டு தொண்டையைக் கனைத்தார். "வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. ஆரனை மட்டும் கழட்டி வச்சுக்கச் சொல்லி ஐயா உத்தரவு."

அண்ணன் சட்டென்று தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "ஆரன் இல்லேன்னா வண்டி வேண்டாம். இந்தக் கோழியே வச்சு ஓட்டிக்கட்டும்."

"அண்ணே, மாப்பிள்ளை அழைப்புக்குத்தான் மேளம் இருக்கே, ஆரன் எதுக்குண்ணே?" என்று நான் காதோடு கெஞ்சினேன்.

"தம்பி, நீங்க பந்தல் போடறவரு. பந்தலைப் பத்தி நான் பேசினேனா?"

அவர் எழுந்திருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்தது, ஏஜெண்டுக்குப் பசி. "தொலையட்டும், அதை வச்சுக்கிட்டு நாங்க என்ன பண்ணப்போறோம்" என்று ஆரனோடு விட்டுக்கொடுத்தார். கோழியை மட்டும் இறக்கிக்கொண்டார்.

வண்டியைக் கிளப்பின கதை தனி. அறுந்துபோன பெல்டுக்குப் பதிலாக ரைஸ் மில் பெல்டை வெட்டி மாட்டினார் அண்ணன். ரேடியேட்டருக்கு வாய்க்கால் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றினோம். கொஞ்ச தூரம் போனதும் அது கொதித்து மூடி தெறித்தது, உள்ளேயிருந்து வெந்த கெண்டைக் குஞ்சு ஒன்று வந்து என் மடியில் விழுந்தது. "பாத்தீங்களா, ஜெர்மன்காரன் சமையலுக்கும் சேத்துச் செஞ்சிருக்கான்!" என்று அண்ணனுக்கு ஒரே பெருமை.

மற்றவர்கள் கார் வாங்கினால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று ஓட்டிப் பார்ப்பார்கள். அண்ணன் எவ்வளவு மெதுவாகப் போகிறது என்று பார்க்க வேண்டும் என்றார். அதற்காக நாயனக்காரர் ஒருவரையும் தவில்காரர் ஒருவரையும் கூட்டிவந்து வாய்க்கால் ரோட்டில் முன்னால் நடக்கவிட்டு, அவர்கள் பின்னாலேயே காரை விட்டார். தவில்காரர் நின்று தனியாவர்த்தனம் வாசித்தால் கார் நிற்க வேண்டும், நகர்ந்தால் நகர வேண்டும், எஞ்சின் அணையக் கூடாது. பட்டப்பகலில், மாப்பிள்ளையும் இல்லாமல் பெண்ணும் இல்லாமல், மேளம் கொட்டிக்கொண்டு போகும் காலிக் காரைப் பார்த்து நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் சேற்றில் விழுந்து சிரித்தார்கள். என் மானம் வாய்க்காலோடு போயிற்று.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வந்தது. காருக்குக் கதம்ப மாலை கட்டி, பெட்ரோமாக்ஸ் விளக்குகளை நானே ஏற்றினேன். செல்வராசு பட்டு வேட்டியில் பின் சீட்டில் உட்கார்ந்தான். காத்தான் மகன் வாங்கித் தந்த புதுச் செருப்போடு வந்தார். காரைக் கண்டதும் பழக்க தோஷம், குனிந்து செருப்பைக் கழற்றப் போனார்.

"பெரியவரே, கழட்டாதீங்க" என்றார் அண்ணன் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி. "இது ஜெர்மன் வண்டி. வெறுங்காலோட உக்காந்தா ஸ்டார்ட் ஆவாது."

காத்தான் நம்பிவிட்டார். செருப்புக் காலோடு ஏறி உட்கார்ந்தார்.

மேலத் தெருவில் செய்தி முன்பே போயிருந்தது. அவர்கள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள். ஊர்வலம் வரும்போது யாரும் அதைப் பார்க்கக் கூடாது, முதுகைக் காட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும், பெரிய பண்ணை வாசல் கிட்ட வந்ததும் கல் வீசலாமா என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. தெரு முனையில் திரும்பும்போதே வரிசையாக முதுகுகள் தெரிந்தன. முன் சீட்டில் இருந்த நான் அண்ணன் தொடையைச் சுரண்டினேன்.

"அண்ணே, சீக்கிரமா போயிடலாம்ண்ணே. மூணாவது கியரைப் போடுங்க. இன்னிக்கு ஒரு நாள்."

"சும்மா இருங்க தம்பி. கூட்டத்துல வேகமா போறவனுக்குப் பேரு மாப்பிள்ளை இல்ல, திருடன்" என்று சொல்லி, செகண்டிலிருந்து ஃபர்ஸ்ட்டுக்கு இறக்கினார். அப்புறம் ஆரனை அழுத்தினார்.

பாஆஆம்!

அடேயப்பா! அந்தக் காட்சியை நான் எப்படிச் சொல்வேன்? இருந்த முதுகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தன. காபிக் கடைக்காரர் எழுந்தார். மளிகைக் கடைக்காரர் எழுந்தார். தோளில் கிடந்த துண்டுகள் அத்தனையும் தாமாகவே இடுப்புக்குப் போயின. என்ன செய்கிறோம் என்பது தலைக்குப் புரிவதற்குள் கை முடிச்சுப் போட்டுவிட்டது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கும்பிட்டு நிற்கிறவன் கல்லை எந்தக் கையால் எடுப்பான்?

பெரிய பண்ணை வாசலுக்கு வந்தோம். பாஆஆம்! வாட்ச்மேன் விழுந்தடித்து ஓடிவந்து இரும்பு கேட்டை விரியத் திறந்தான். ஏஜெண்டு வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பாய்ந்து வந்து, குனிந்த தலை நிமிராமல், பின் கதவைத் திறந்துபிடித்து, "வாங்கய்யா!" என்றார்.

உள்ளேயிருந்து ஒரு புதுச் செருப்பு தெரிந்தது. ஏஜெண்டு மெல்ல நிமிர்ந்தார். காத்தான் முகத்தில் பதற்றமும் இல்லை, பகையும் இல்லை. பல நாள் பழகியவரை வழியில் பார்த்த மாதிரி இருந்தது.

"இருக்கட்டும் ஏஜெண்டய்யா" என்றார் காத்தான். "நாங்க எறங்கல. நாளைக்கு முகூர்த்தத்துக்கு நீங்க வந்துடுங்க."

மாடியில் ஜன்னலுக்குப் பின்னால் பெரிய பண்ணை நின்றிருந்ததை நான் பார்த்தேன். ஜன்னல் சாத்திக்கொண்டது. முதலில் சிரித்தது மேலத் தெருப் பெண்கள்தான். கதவிடுக்குகளில் களுக் களுக்கென்று தொடங்கிய சிரிப்பு தெரு முழுவதும் பற்றிக்கொண்டது. காபிக் கடைக்காரர் இடுப்பில் கட்டிய துண்டை அவிழ்ப்பதா விடுவதா என்று தெரியாமல் தானும் சிரித்துவிட்டார். தவில்காரர் அந்த வாசலிலேயே நின்று ஒரு தனியாவர்த்தனம் வாசித்தார் பாருங்கள், அப்படி ஒன்றை நான் எந்தக் கோயில் திருவிழாவிலும் கேட்டதில்லை. அது முடிகிற வரைக்கும் அண்ணன் எஞ்சினை அணையவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். செல்வராசு மடியில் கையை வைத்துக்கொண்டு தன் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. பெட்ரோமாக்ஸ் புகை என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லிச் சமாளித்தேன்.

மாப்பிள்ளையை இறக்கிவிட்டு, காலிக் காரோடு நானும் அண்ணனும் மட்டும் ஆற்றங்கரை ரோட்டில் திரும்பினோம். நிலா வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் நட்ட பயிர் தலை தூக்கி நின்றது. கொஞ்ச தூரம் வழக்கம்போல உருட்டினார். அப்புறம் கிளட்சை மிதித்தார். கை கியரின் மேல் போயிற்று, தயங்கிற்று, கடக்கென்று ஒரு சத்தம். கார் உதறியது. நான் அலறிக்கொண்டு கதவைப் பிடித்தேன்.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"மூணாவது கியரு தம்பி! இருக்குடா இருக்கு, நல்லா இருக்கு!" என்று காற்றில் கத்தினார். "எழுந்திரிக்கிறவன்லாம் எழுந்திரிச்சு முடிச்சாச்சு. இனிமே யாருக்காக மெதுவா போவணும்?"

அவர் தோள் துண்டு பறந்து போயே போய்விட்டது. அதை எடுக்க அவர் நிறுத்தவில்லை. நாகப்பட்டினத்துக் கடல் கண்ணில் படுகிற வரைக்கும் கியரை இறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நல்ல நல்ல கார்களில், நல்ல நல்ல ரோடுகளில் போய்விட்டேன். ஆனாலும் அந்த மனிதர் இன்றைக்கு வாசலில் வந்து பாஆஆம் என்று ஒரு ஆரன் அடித்தால், எழுந்து ஓடுகிற முதல் ஆள் நான்தான்.