பெரியவர் எழுந்தாத்தான் எழுந்திருக்கணும்

நேத்து எனக்கு ஒரே ஒரு வேலைதான். பொண்ணோட ஸ்கூல்ல ஓணச் சாப்பாடு. நாலாங்கிளாஸ் குழந்தைகள் இலை முன்னாடி ஒழுங்கா நடந்துக்கறாங்களான்னு பார்க்கணும். அவ்வளவுதான்.

இந்த வேலை என் தலையில விழுந்ததுக்குக் காரணம் என் வாய். போன வருஷம் பசங்க பாதிப் பந்தியிலேயே எச்சக்கையோட எழுந்து ஓடிட்டாங்க. சீஃப் கெஸ்ட் தனியா உக்காந்து சாப்பிட்டாராம். பேரண்ட்ஸ் மீட்டிங்ல ஹெட்மிஸ்ட்ரஸ் அதைச் சொல்லி, "இந்தத் தடவையும் மானம் போகும், கேட்டோ"ன்னு புலம்பினாங்க.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா?

"கவலைப்படாதீங்க டீச்சர்! நாங்க ஸ்ரீவராகம் அக்ரஹாரத்துக்காரங்க. பந்தி மரியாதை எங்களுக்குப் பிறவியிலேயே உண்டு. ஒரு வாரம் என்கிட்ட விடுங்க!"

ஒரு வாரம், தினமும் ஆபீஸ்ல பர்மிஷன் போட்டுட்டுப் போனேன். காலி இலையை வச்சு டிரெயினிங். சப்புக்கொட்டக் கூடாது. பிடிக்காத காயைப் பக்கத்து இலைக்குத் தள்ளக் கூடாது. எல்லாத்துக்கும் மேல ஒண்ணு: பந்தியில பெரியவர் எழுந்தாத்தான் மத்தவங்க எழுந்திருக்கணும்.

"டீச்சர் எழுந்திருன்னு சொன்னா, ஆன்ட்டி?"

"யார் சொன்னாலும்!"

அங்கதான் எனக்குச் சனி பிடிச்சது.

அதோட விட்டேனா? டெஸ்க்லயே இலை போடலாம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொன்னாங்க. "டெஸ்க்லயா? பந்தின்னா தரையிலதான் டீச்சர்!"னு ஹால் முழுக்கப் பாய் விரிக்க வச்சேன்.

சீஃப் கெஸ்ட் வந்தார். நாஞ்சில் நாட்டுப் பக்கத்து ரிட்டயர்டு வாத்தியார். எண்பது வயசு இருக்கும். கஞ்சி போட்ட வேஷ்டி, நிமிர்ந்த நடை. நாற்காலி கொண்டு வந்தாங்க. தரையில உக்காந்திருக்கிற முப்பத்தாறு குழந்தைகளையும் பார்த்தார்.

"பிள்ளைய எல்லாம் தரையில இருக்கும்போ எனக்கு மட்டும் என்னத்துக்கு?"ன்னு சொல்லி மெள்ள உக்காந்துட்டார். பக்கத்து இலை எனக்கு.

சாப்பாடு அமர்க்களம்! பருப்பு, சாம்பார், அப்புறம் போளி மேல பால்பாயசம். ஒரு குழந்தை சத்தம் போடலை, ஒண்ணு கூடச் சிந்தலை. நான் இடது கையால போட்டோ எடுத்து ஆத்துக்காரருக்கு அனுப்பினேன். "பார்த்தேளா!"ன்னு கீழ ஒரு வரி வேற.

எல்லாரும் சாப்பிட்டு முடிச்சு இலையை மடிச்சாச்சு. பெரியவர் மட்டும் மடிக்கலை.

"கொஞ்சம் பாயசம்"னார். வந்தது. குடிச்சார்.

"அந்த மோர் கொஞ்சம்." அதுவும் ஆச்சு.

"இன்னும் துளி பாயசம்."

எண்பது வயசுல என்ன வயிறுடா இதுன்னு எனக்கு ஆச்சரியம். வெளியில ஸ்கூல் பஸ் ஹாரன் அடிக்க ஆரம்பிச்சது. குழந்தைகளோட கையெல்லாம் காய்ஞ்சு பிசுபிசுன்னு ஒட்டுது.

ஹெட்மிஸ்ட்ரஸ் வாசல்ல வந்து நின்னாங்க. "மக்களே, பஸ் வந்தாச்சு. கை கழுவப் போங்க!"

ஒருத்தர் அசையலை.

"கேட்டில்லே? எழுந்திரிங்க!"

முன்வரிசைப் பையன் ரொம்பப் பணிவா சொன்னான். "டீச்சர், பெரியவர் இன்னும் எழுந்திருக்கலை. முன்னாடி எழுந்தா மரியாதை இல்லை."

ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்தாங்க. நான் குழந்தைகளைப் பார்த்து, "சரி, போதும், எழுந்திருங்கோ"ன்னேன்.

என் பொண்ணே முறைச்சா. "அம்மா! யார் சொன்னாலும்னு நீதானே சொன்னே?"

வேற வழியில்லாம பெரியவர் பக்கம் குனிஞ்சு கேட்டேன். "ஸார், இன்னும் ஏதாவது வேணுமா?"

அவர் இலையை விட்டுக் கண்ணை எடுக்கலை. குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணும் வேண்டாம் மக்ளே. மொதல் பாயசத்திலேயே வயிறு நெறஞ்சாச்சு. முட்டு பிடிச்சுக்கிட்டு. எந்திக்க முடியல்ல. இத்தன பிள்ளைய பாக்குது, அதான் நேரத்தப் போக்குதேன். யார்ட்டயும் சொல்லாத."

பாவம், மனுஷர் வெட்கத்துல பாயசமாக் குடிச்சுண்டிருக்கார்! தரைதான்னு வீம்பு பிடிச்சது நான். எனக்கு அழுகையே வந்துடும் போல இருந்தது. பஸ் மறுபடியும் ஹாரன் அடிச்சது.

சட்டுனு குரலை உயர்த்தினேன். "குழந்தைகளா! கடைசிப் பாடம் ஒண்ணு பாக்கி இருக்கு. பந்தி முடிஞ்சா சின்னவங்க வந்து பெரியவங்களைக் கை குடுத்து எழுப்பணும். முதல்ல ஸார், அடுத்தது ஆன்ட்டி!"

முன்வரிசைப் பையனுக்குச் சந்தேகம். "அப்போ நாங்க முன்னாடி எழுந்திருக்கணுமே?"

"அதுக்கு நான் அனுமதி தாறேன்!"னார் பெரியவர். அத்தனை நேரத்துல அவர் வேகமாப் பேசினது அது ஒண்ணுதான்.

ரெண்டு குழந்தைகள் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாங்க. மனுஷர் கம்பீரமா எழுந்து, வேஷ்டியைச் சரி பண்ணி, கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். ஒரே கைதட்டல். "என்ன ஒரு சம்ஸ்காரம்!"னு ஹெட்மிஸ்ட்ரஸ் உருகினாங்க.

"ஆன்ட்டி, இப்போ நீங்க!"

அவர் தனியாத் தெரியக் கூடாதேன்னுதான் என் பேரையும் சேர்த்தேன். எனக்கு எதுக்குக் கை? சிரிச்சுண்டே காலை ஊன்றினேன்.

இடுப்புக்குக் கீழ எனக்குக் கால்னு ஒண்ணு இருக்கிற மாதிரியே தெரியலை.

ஸாருக்கு ரெண்டு குழந்தைகள் போதுமா இருந்தது. எனக்கு ஆறு பேர் போதாம, ஏழாவதாக் கை குடுத்தது அந்த ஸார்தான்.