மூன்றாம் ஓலை

2024 ஆகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூரில் உள்ள ஒரு தேவாலயத்தில், காலை ஆராதனையின் முடிவில், பெர்சிஸ், தனுஷ் இருவரின் திருமண அறிவிப்பு இரண்டாம் முறையாக வாசிக்கப்பட்டது. யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை.

ஆட்சேபம் வெளியே, டீ கொடுக்கும் இடத்தில் வந்தது.

"ஏலே இம்மானுவேலு, மாப்பிள்ளை வீட்டுக்குப் பூர்வீகம் நம்ம பக்கந்தானாமே?" என்றார் பால்ராஜ் வாத்தியார். "ஒம் பூட்டன் மோசேக்கு ஒரு அண்ணன் உண்டு. சண்டை போட்டுட்டு ராஜபாளையத்துக்குப் போனவரு. அந்த வழியா இருந்துரப் போகுது, பாத்துக்க."

சொல்லிவிட்டு அவர் இரண்டாவது பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

பெண்ணின் அப்பா இம்மானுவேல் டீயைப் பாதியில் வைத்துவிட்டார். அண்ணன் தம்பி வழியில் வந்தவர்கள் எத்தனை தலைமுறை தாண்டினாலும் பங்காளிகள். பங்காளி வீட்டுப் பையனும் பெண்ணும் அண்ணன் தங்கை. மூன்று ஞாயிறு வாசிக்கும் அந்த அறிவிப்பைச் சபையார் ஓலை என்பார்கள். இன்னும் ஓர் ஓலைதான் பாக்கி.

இம்மானுவேல் ஓய்வுபெற்ற போலீஸ்காரர். பணியில் இருபத்திரண்டு ஆண்டுகள் புகார் எழுதும் ஸ்டேஷன் ரைட்டர். ஆட்டைக் காணோம் என்று வருபவனிடம், ஆடு இருந்ததற்கு என்ன ஆதாரம் என்று முதலில் கேட்டவர்.

அன்று மதியமே ஆலயப் பணியாளர் ஐயாதுரையைப் பிடித்தார்.

"ஞானஸ்நானப் பதிவேடு எங்க இருக்கு?"

"பீரோவுலதான் சார். ரெண்டாம் புத்தகத்துல இருந்து இருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணுல ஆரம்பிக்கும்."

"முதல் புத்தகம்?"

"நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்தே இல்ல சார்."

"இல்லன்னு யாருகிட்டயாவது சொன்னியா?"

"யாரும் கேக்கலியே சார்."

இம்மானுவேல் பையிலிருந்து வெள்ளைத்தாள் எடுத்து இதை வாக்குமூலமாக எழுதி, ஐயாதுரையிடம் கையெழுத்து வாங்கினார். சாவி யார் யாரிடம் இருந்தது என்ற பட்டியலில் காலமான நான்கு பேர் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவி ரத்தினபாய் இதைக் கேட்டதும் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"பழசைக் கிளறாதிய. எங்க ஊர்க்காரவுக மேலயா சந்தேகம்?"

"ராஜபாளையம்னாலே எனக்குச் சந்தேகந்தான். முப்பத்தியோரு வருசமா ஒன்னையப் பாக்கேன்லா."

"நான் என்ன செஞ்சேன்?"

"இன்னும் கண்டுபிடிக்கல."

திங்கட்கிழமை, கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைக் காட்டும் சாக்கில் ராஜபாளையம் போனார். மாப்பிள்ளையின் அப்பா சமுத்திரம் பேண்டேஜ் துணித் தறி வைத்திருந்தார். புரூஃபில் எழுத்துப்பிழை பார்க்க உட்கார்ந்தவரிடம் இம்மானுவேல் மெதுவாக ஆரம்பித்தார்.

"சம்மந்தி, ஒங்க பூட்டன் பேரு?"

"மதுரநாயகம்."

"அவருக்குத் தம்பி உண்டா?"

"இருந்தாலும் இருந்திருக்கும்."

"கடைசியா அவரை எப்ப பாத்திய?"

சமுத்திரம் புரூஃபிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சம்மந்தி, அவரு செத்து எம்பது வருசம் ஆச்சு."

ஷோகேஸில் ஒரு பழைய வேதாகமம் இருந்தது. குடும்பப் பெயர்களை எழுதும் முன்பக்கம் இல்லை. கரையான் என்றார் சமுத்திரம். இம்மானுவேல் விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கரையான் இவ்வளவு நேராக அரிக்காது என்று நோட்டில் குறித்துக்கொண்டார்.

அவர் பஸ்ஸைவிட்டு இறங்குவதற்குள் போன் வந்துவிட்டது.

"சம்மந்தி, பொண்ணுக்கு வேற எடம் ஏதும் பாத்திருக்கியளா? மனசுல வச்சுக்காமச் சொல்லிருங்க."

"சேச்சே, அப்படியெல்லாம் இல்ல."

"பொறவு எதுக்கு எங்க பூட்டனுக்கு விசாரணை?"

இம்மானுவேலுக்குச் சட்டென்று ஒரு பொய்தான் கிடைத்தது. "மண்டபத்துல ரெண்டு குடும்பத்தோட வம்சத்தையும் எழுதி வைக்கலாம்னு ஒரு ஆசை."

சமுத்திரம் உருகிவிட்டார். மறுநாள் காலையில் பத்துக்கு எட்டு அடியில் ஃப்ளெக்ஸ் ஆர்டர் கொடுத்துவிட்டார். அதில் ஒரு ஆலமரம். வலது கிளையில் அவர்கள், இடது கிளையில் இவர்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் இம்மானுவேலை அழைத்தார்.

"சார், ரெண்டு பக்கமும் பூட்டன் கட்டம் வரைக்கும் வந்துட்டோம். அதுக்குக் கீழ அடிமரம். ரெண்டையும் ஒண்ணாச் சேக்கவா, தனித்தனியா விடவா?"

"தம்பி, அதைத்தான் நானும் தேடிக்கிட்டு இருக்கேன்," என்றார் இம்மானுவேல்.

அவர் சொன்னதைக் கடைக்காரர் அப்படியே சமுத்திரத்திடம் சொன்னார். சமுத்திரம் மனைவியிடம் சொன்னார். புதன்கிழமை மாலைக்குள், பொண்ணும் மாப்பிள்ளையும் பங்காளி முறையாமே என்று சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு சித்தி போன் செய்து அழுதாள். வியாழக்கிழமை சமுத்திரமும் மனைவியும் போதகர் முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"இவரு ஏதோ மறைக்காரு ஐயா," என்றார் சமுத்திரம்.

"மறைக்கிறது நீங்க. வேதாகமத்துல பக்கம் எங்க?"

"பதிவேட்டைக் காணோம்கிறது ஒங்க கோயில்ல!"

போதகர் இருவரையும் கையமர்த்தினார். சனிக்கிழமை மாலைக்குள் முறை சரி என்பதற்கு எழுத்தில் ஏதாவது வர வேண்டும். வராவிட்டால் மூன்றாம் ஓலை வாசிக்க முடியாது என்றார்.

பெர்சிஸ் கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி லேப்பில் வேலை பார்த்தாள். அன்று மாலை கல்லூரி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் பையைக்கூட வைக்கவில்லை.

"அப்பா, ரெண்டு வருசம் காத்திருந்து ஒங்ககிட்ட சம்மதம் வாங்கினேன். ரெண்டு ஓலையும் வாசிச்சாச்சு. ஒங்களுக்கு எழுத கேஸ் இல்லன்னா என் கல்யாணம்தானா கெடைச்சுது?"

அதன்பிறகு அவள் அவரிடம் பேசவில்லை. சாப்பிடவும் இல்லை. இம்மானுவேலுக்கு முதல்முறையாகப் பயம் வந்தது. பங்காளி இல்லை என்று நிரூபிக்க வேண்டும். நிரூபிக்கக்கூடிய ஒரே புத்தகத்தை யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த யாரோ, அவர் கணக்கில், சமுத்திரம்தான்.

சனிக்கிழமை காலை ஐயாதுரை வந்தார். கையில் மூலைகள் மடங்கிய ஒரு நோட்டு.

"பீரோவுக்கு அடியில கெடந்துச்சு சார். வெளிய எடுத்துட்டுப் போன புத்தகத்துக்கு எல்லாம் கையெழுத்து வாங்கி வச்சிருக்காவ."

இம்மானுவேல் சந்தோஷமாக நோட்டைப் பிரித்தார். விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

முதல் பதிவேடு. 1993 மே 14. பெற்றுக்கொண்டவர்: வேதமாணிக்கம்.

"யாரு சார் அது?" என்றார் ஐயாதுரை.

"எங்கப்பா."

அப்பாவின் தகரப்பெட்டி முப்பது வருடமாகப் பரணில் இருந்தது. இம்மானுவேல் ஏணியைச் சாத்தினார்.

"ஏறாதிய," என்றாள் ரத்தினபாய். "முட்டி வலிக்கும்."

"நீ ஏணியைப் பிடி."

பெட்டிக்குள், அப்பாவின் கோட்டுக்குக் கீழே, வேட்டியில் சுற்றிய பதிவேடு இருந்தது. மேலே சற்று நேரம் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு பெட்டியைப் பூட்டும் சத்தம். அரைமணி நேரம் கழித்து இம்மானுவேல் இறங்கினார். பதிவேடு இறங்கவில்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்றாள் ரத்தினபாய்.

"சம்மந்தியோட பூட்டன் சுந்தரபாண்டியத்துக்காரரு. அவரு அப்பா பேரே வேற. நமக்கு ஒரு ஒட்டும் இல்ல. முறை சரி."

"மோசேக்கு அண்ணன் இருந்தாராமே?"

"அந்தப் பக்கம் சரியாத் தெரியல," என்றார் இம்மானுவேல்.

மாலையில் போதகரிடம் செல்போனில் ஒரு படம் காட்டினார். மதுரநாயகத்தின் பதிவு தெளிவாக இருந்தது. சமுத்திரம் அதை இரண்டு முறை படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"மேல உள்ள பதிவைக் கட்டைவிரல் மறைச்சிருக்கே?" என்றார் போதகர்.

"கை நடுங்கிட்டு ஐயா."

"பதிவேட்டைக் கொண்டுவந்து ஆலயத்துல வச்சிருங்க."

"தொட்டா உதிருது ஐயா. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

இம்மானுவேல் தான் எழுதிய வாக்குமூலங்களையெல்லாம் கிழித்துப் போட்டார். ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் செய்து, அடிமரத்தை எடுத்துவிட்டு அங்கே ரோஜாப்பூ வைக்கச் சொன்னார்.

ஆகஸ்ட் 25 ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது. யாரும் ஆட்சேபம் சொல்லவில்லை. பால்ராஜ் வாத்தியார் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது இம்மானுவேலே அவர் கையில் இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். பெர்சிஸ் உள்ளே தனுஷுடன் போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். ரத்தினபாய் காப்பி கொண்டுவந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பரணைப் பார்த்தார்.

"அங்க என்ன பார்வை?" என்றாள் ரத்தினபாய். "பெர்சிஸ் வயித்துல இருக்கையிலயே ஒட்டடை அடிக்க ஏறி, ஒங்கப்பா நம்ம கல்யாணத்தப்ப ஒளிச்சு வச்சதை நான் படிச்சுட்டேன். மோசேயோட அண்ணன் ராஜபாளையத்துல கட்டுன வீட்லதான் நான் பொறந்தேன். காப்பி ஆறுது, குடிங்கண்ணே."

இம்மானுவேல் குடித்தார்.