ஓட்டையில்லாத தொட்டிக்கு ஒரு குழாய்

“தொட்டியில எத்தன ஓட்டை உண்டு சாரே?”

மார்த்தாண்டம் கடைக்காரர் இப்படிக் கேட்டதும் பூதலிங்கம் பிள்ளைக்கு விழி பிதுங்கியது. கேரளத்துச் செங்கல் என்ற ஊரிலிருந்து எல்லை தாண்டிக் குழாய் வாங்க வந்தவரிடம் தொட்டியைப் பற்றிக் கேட்டால் என்ன செய்வார்? குளிக்கிற தொட்டி நீளமாக, வெள்ளையாக இருக்கும் என்பதுவரைதான் அவருக்குத் தெரியும். ஆனால் தாலுகா ஆபீசில் தலை நரைத்தவர். தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லை.

“ரெண்டு,” என்றார்.

“அப்பம் இதாக்கும் பொருத்தம்,” என்று இரண்டு கால் வைத்த, பளபளவென்ற ஒரு குழாயைக் கடைக்காரர் கட்டிக் கொடுத்தார்.

இத்தனை பாடும் மருமகனுக்காகத்தான். மகள் ஆனந்தலட்சுமியைக் கட்டிய சுனில்குமார் மஸ்கட்டில் எஞ்சினியர். போன லீவுக்கு வந்தபோது, அடுப்பங்கரைக்குப் பின்னால் குளிமுறி என்கிற குளியலறையை ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்தார். அன்று மத்தியானமே திருவனந்தபுரத்தில் ஓட்டல் அறை எடுத்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வருஷம் முழுக்க மகளுக்காகக் காத்திருந்த பிள்ளை, கார் மறைகிறவரை கேட்டில் நின்று அழுதார். அழுகை வந்தால் மனிதன் அழத்தானே வேண்டும்?

இந்தத் தடவை மகள் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று குளிமுறியை இடித்துப் புதிதாகக் கட்டினார். திருவனந்தபுரத்துக் கடையில் படம் பார்த்துத் தொட்டிக்கும் சொல்லிவைத்தார். அவர் ஆபீசில் இருந்த நேரத்தில் தொட்டி லாரியில் வந்து இறங்கியிருந்தது. உள்ளே வைக்கோலும் தாளுமாகத் திணித்து வைத்திருந்தார்கள். பாக்கி இருந்தது குழாய் மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டியின் விளிம்பு நெடுக விரலால் தடவினார். ரெண்டல்ல, ஒரு ஓட்டைகூட இல்லை.

“ஓட்டைதானே? நான் போட்டுத் தாறேன் சாரே. டிரில்லு எனக்க கையில உண்டு,” என்றார் பிளம்பர் ராஜதாஸ்.

“தொட்டியில கைய வச்சியோ, பாரு!” என்று அடுப்பங்கரையிலிருந்து பிள்ளையின் மனைவி கல்யாணசுந்தரி ஓடி வந்தாள். “அது பொட்டிப்போச்சுன்னா எனக்க மக இஞ்ச தங்குவாளா?”

பிள்ளை மறுபடியும் மார்த்தாண்டம் போனார்.

“ரெண்டு ஓட்டைன்னு சொன்னியளே?”

“அது... அடைஞ்சுபோச்சு.”

கடைக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சுவரில் மாட்டும் குழாய் ஒன்றைக் கொடுத்தார். ராஜதாஸ் புதுச் சுவரைக் கொத்தி மாட்டினார். திறந்தால், தண்ணீர் தொட்டியின் விளிம்பில் விழுந்து மூன்று பேரையும் குளிப்பாட்டியது. குழாயின் மூக்கு குட்டை.

நீள மூக்குக் குழாய் வந்தது. தாளையும் வைக்கோலையும் வாரிப்போட்டுவிட்டு மறுபடியும் திறந்தபோது தண்ணீர் நடுத்தொட்டியில் தெளிவாக விழுந்தது. தொட்டி நிறைந்தது. மூன்று பேரும் ரசித்துப் பார்த்தார்கள்.

“கொள்ளாம்,” என்றாள் கல்யாணசுந்தரி. “பின்னே, இந்த வெள்ளம் எப்பிடிப் போவும்?”

பிள்ளை கையை விட்டு அடியெல்லாம் துழாவினார். அங்கேயும் ஓட்டை இல்லை.

பக்கத்து வீட்டு சத்தியதாஸ் அழைக்கப்பட்டார். துபாயில் பல வருஷம் இருந்தவர். அங்கே என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. தொட்டியைச் சுற்றி வந்து தாடையைத் தடவினார்.

“இது அந்நாட்டு மாடலாக்கும் பிள்ளைவாள். பாலைவனத்தில வெள்ளத்த ஓட்டை போட்டு வீணாக்குவாங்களா? டியூபு போட்டு உறிஞ்சி மரத்துக்கு விடணும். அங்க ஷேக்குகளுக்க வீட்டில எல்லாம் இதுதான்.”

பிள்ளையின் முகம் மலர்ந்தது. மஸ்கட்டுக்காரருக்கு அந்நாட்டு மாடல் பிடிக்காமல் போகுமா?

“டியூபு வழியா வெள்ளம் போவணும்னா தொட்டி தரையில இருந்து பொங்கி ஒயரத்தில நிக்கணும்,” என்றார் ராஜதாஸ்.

செங்கல் வந்தது. மேடை கட்டித் தொட்டியைத் தூக்கப் போனால் நீள மூக்கு குறுக்கே நின்றது. குழாயைக் கழற்றி, சுவரை இன்னும் மேலே உடைத்து மாட்டினார்கள். இப்போது அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த தண்ணீர் கூரைவரை தெறித்தது. பிள்ளை நான்காவது தடவை மார்த்தாண்டத்தில் போய் நின்றபோது கடைக்காரர் காப்பி வரவழைத்தார்.

“டெலிபோன் குழாய் கொண்டுபோங்க சாரே. நீளமா டியூபு உண்டு. எங்க வேணும்னாலும் பிடிச்சுக்கலாம்.”

அந்த டியூபு தொட்டியை நிறைத்தது. பிறகு அதைக் குழாயிலிருந்து கழற்றி, ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, பிள்ளை மூச்சைப் பிடித்து உறிஞ்சினார். வாயிலும் மூக்கிலும் தண்ணீர் ஏறிப் புரையேறியது. ஆனால் தொட்டி காலியானது. வெளியே தென்னைமரம் நனைந்தது.

“இப்பம் செரியாச்சு,” என்று இருமிக்கொண்டே சொன்னார்.

சொன்ன நாளில் மகளும் மருமகனும் வந்தார்கள். பெட்டிகள் இன்னும் காரில்தான் இருந்தன. சுனில்குமார் குளிமுறிக் கதவைத் திறந்தார். மேடைமேல் வெள்ளை வெளேரென்று தொட்டி, ஏறுவதற்கு ஒரு முக்காலி, மேலே டெலிபோன் குழாய். பிள்ளை வெளியே காத்து நின்றார்.

கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. பிறகு பாட்டுச் சத்தம்.

“மாமா!” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. “மஸ்கட் பிளாட்டில காலை மடக்கிக்கிட்டுத்தான் கெடக்கணும். இது என்ன விசாலம்! நான் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவேன்.”

ஆனந்தலட்சுமி அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, இந்த லீவு முழுக்க நாங்க இஞ்சதான்.”

இதற்காக நாலு தடவை என்ன, நாற்பது தடவை மார்த்தாண்டம் போகலாம் என்று பிள்ளைக்குத் தோன்றியது. காரிலிருந்து பெட்டிகளை அவரே தூக்கி வந்து வைத்தார்.

அப்போது வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. தோளில் துண்டோடு ஒருவர் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். பின்னால் நாலு பேர் கயிறும் கம்பும் கொண்டுவந்தார்கள்.

“சாரே, நான் அம்பூரி ரப்பர்த் தோட்டத்துத் தங்கையன். லாரிக்காரன் சாமான மாத்தி எறக்கிட்டான். எங்க ரப்பர்ப்பால் ஊத்திவைக்கிற தொட்டியாக்கும் ஒங்க வீட்டில இருக்கது. ஒங்களுக்க தொட்டி பத்திரமா லாரியில உண்டு. ஒண்ணும் கவலப்படாண்டாம், அதில கெடந்த ஓட்டை எல்லாத்தையும் நாங்களே சிமெண்டு வச்சு நல்லா அடைச்சாச்சு!”