தகடு வெட்டி வாங்கிய பொம்மை மீன்

எல்லாம் அந்தக் கடைக்காரர் செய்த வேலை. பேரைச் சொல்ல மாட்டேன். தோஹா தொழில்பேட்டையில் தூண்டில் சாமான் விற்கிற மலையாளி. யாராவது இதைப் படித்துக் காட்டினால் அவருக்கே புரியும்.

எனக்கு இருந்த வேலை என்னவோ சின்னதுதான். வெள்ளிக்கிழமை காலையில் கடலுக்குப் போய் ஒரு ஹமூர் பிடிக்க வேண்டும். அதுதான், நம்ம ஊர்க் களவா.

என் மனைவி கலா தூத்துக்குடிக்காரி. நான் விருதுநகர். ராஸ் லஃபானில் வேலை பார்க்கிற அவள் அண்ணன் எங்கள் வீட்டில் மீன் குழம்பைக் கண்டால் போதும், "மாப்பிள்ளை ஊர்ல தண்ணியே லாரியிலதான் வரும், மீன் எங்க வரும்" என்பார். பத்து வருஷமாக இதே ஜோக். அவருக்கு மட்டும் சலிக்கவே இல்லை.

போன வாரம் எனக்கு ரோஷம் ஏறிவிட்டது. அடுத்த வெள்ளி வாங்க மச்சான், என் கையால் பிடித்த மீனைப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் ரொம்ப சந்தோஷப்பட்டு இன்னும் இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டுவிட்டார். சாட்சிக்காம்.

யூடியூபைத் திறந்தேன். கோடையில் மீன் சூடு தாங்காமல் ஆழத்துக்குப் போய்விடுமாம். அதற்கு க்ராங்க்பெய்ட் என்று ஒன்று இருக்கிறதாம். வயிறு உப்பின பிளாஸ்டிக் மீன், அடியில் கொத்துக் கொத்தாக முள். நூலில் கட்டி வீசி இழுத்தால் நிஜ மீன் மாதிரி ஆடிக்கொண்டே வரும். வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மீதியைப் பார்க்கிற பொறுமை இருந்தால் நான் ஏன் வியாபாரத்துக்கு வருகிறேன்?

இருபது வயதில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்து இறங்கியவன், இன்று ஏசி ஸ்பேர் கடை வைத்திருக்கிறேன் என்றால், சொன்ன விலைக்கு எதையும் வாங்காததால்தான். என் முறை ரொம்ப எளிது. பொருளில் குறை கண்டுபிடி. பிறகு கத்து.

கடைக்காரர் எடுத்துக் காட்டிய அந்தப் பொம்மை மீனிலும் குறை இருந்தது. வாய்க்குக் கீழே கரண்டி முனை மாதிரி, கண்ணாடி போன்ற ஒரு பிளாஸ்டிக் தகடு துருத்திக்கொண்டிருந்தது. அச்சில் வார்க்கும்போது பிசிறு விட்டிருக்கிறது, இதற்கு முழு விலையா என்று ஆரம்பித்தேன். கடைக்காரர் ஏதோ விளக்க வந்தார். வியாபாரி விளக்கினால் விலை ஏறும் என்று எனக்குத் தெரியாதா? இன்னும் கத்தினேன். வெட்டிக் கொடு, பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றேன்.

"அண்ணாச்சி, அது வெட்டண்டா" என்றார் பாவமாக. வெட்ட வேண்டாமாம்.

நான் விடவில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் கட்டரை எடுத்து வெட்டிக் கொடுத்துவிட்டார். ஜெயித்துவிட்ட களிப்பில் கலாவுக்குப் போன் போட்டு, மீன் வாங்காதே, மசாலா மட்டும் அரை என்றேன்.

விடியற்காலை அல் கோர் கடற்கரை. வீசினேன், இழுத்தேன். பொம்மை தண்ணீருக்கு மேலேயே வாத்து மாதிரி மிதந்து வந்தது. இருபது தடவை வீசினேன். இருபது தடவையும் வாத்துதான்.

பக்கத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர், பேர் சிவம், அமைதியாக மீனாக எடுத்துக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாமல் வந்து கேட்டார்.

"அண்ணை, உதுக்கு முன்னால ஒரு சொண்டு இருக்குமே, அது எங்க? அதுதானே தண்ணியைத் தள்ளி உதைக் கீழ கொண்டுபோறது."

அவர் சொண்டு என்றது நான் வெட்ட வைத்த தகட்டை. எனக்கு வேர்த்தது. வெயில் என்று வைத்துக்கொள்வோம். வரும்போதே இல்லை என்றேன். கடையிலிருந்து வரும்போது இல்லைதானே.

சரி, ஆழத்துக்குப் போகாத பொருளை ஆழத்துக்கு அனுப்பத் தெரியாதவனா நான்? காரில் கிடந்த ஒரு போல்ட்டைக் கட்டி வீசினேன். போனது. நேராகப் போய்ப் பாறையில் மாட்டியது. சிவம் நூலை அறுக்கச் சொன்னார். காசு கொடுத்து வாங்கியது, எப்படி அறுப்பது? ரீலைப் பிடித்துக்கொண்டு, முதுகைத் திருப்பி, வண்டி மாடு மாதிரி இழுத்தேன்.

வந்தது. வந்த வேகத்தில் என் பேண்டின் பின்பக்கத்தில் ஏறிக்கொண்டது. ஆறு முள். அன்றைக்கு அந்தப் பொம்மை பிடித்த ஒரே உருப்படி நான்தான்.

உட்கார வழியில்லை. என் காரின் பின்சீட்டில் நான் குப்புறப் படுக்க, சிவம் ஓட்டினார். பாதி வழியில் கதையைச் சொன்னேன். மனுஷன் தங்கம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் தான் பிடித்த ஹமூர் ஒன்றை எடுத்து, "உங்கட எண்டு சொல்லுங்கோ அண்ணை" என்றார்.

வீட்டில் மூன்று குடும்பமும் காத்திருந்தது. நான் சோபாவில் குப்புற. மச்சான் கையில் ப்ளையர். கலா மீனைத் தூக்கிக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு வலிகூடத் தெரியவில்லை.

மச்சான் கடைசி முள்ளையும் எடுத்துவிட்டு, பொம்மையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல முன்னாடித் தகடே இல்லையே. இத வச்சா ஆழத்து மீனப் பிடிச்சீங்க?"

எல்லோரும் சிவத்தைப் பார்த்தார்கள். சிவம் மீனைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத ஆளைக் கூட்டிவந்தது என் தப்பு. குழம்பு நன்றாக இருந்ததாம். நான் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

ஆகவே, கடைக்காரரே, இது உங்களுக்கு. நான் கத்தினால் நீங்களும் திருப்பிக் கத்தியிருக்க வேண்டும். "வெட்டண்டா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வெட்டுவதெல்லாம் ஒரு வியாபாரமா? மச்சான் அடுத்த வெள்ளியும் வருகிறார், இந்த முறை நாலு குடும்பத்தோடு. வியாழக்கிழமை சாயங்காலம் கடைக்கு வருகிறேன். தகடோடு ஒன்று எடுத்து வையுங்கள். நான் என்ன கத்தினாலும் ஒரு ரியால்கூடக் குறைக்காதீர்கள்.