பின்வாசல் அண்ணாச்சியும் ஏழாம் பக்கமும்

மும்பையில் மாட்டுங்காவிலிருந்து சான்பாடா வரை, வீட்டில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் வைத்திருக்கும் தமிழர்களில் பின்வாசல் அண்ணாச்சியிடம் திட்டு வாங்காதவர் ஒருவரும் கிடையாது. டாக்டர்கள் வாங்கியிருக்கிறார்கள். ஆடிட்டர்கள் வாங்கியிருக்கிறார்கள். நான் நான்கு முறை வாங்கியிருக்கிறேன்.

தாராவியில் ஒற்றை அறைக் கடை. அவருடைய பெயர் பலகையில் இருந்ததாக நினைவு. அதைப் படித்தவர் யாரும் இல்லை. எல்லோருடைய போனிலும் அவர் 'பின்வாசல்'தான். காரணம், அவருடைய தலையாய கொள்கை. பிரிண்டரின் யூஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டரின் முன்பக்கத் துளையில் சொருகியிருப்பதைப் பார்த்தால் அவருக்கு ரத்தம் கொதிக்கும்.

"முன்னாடி இருக்கது விருந்தாளிக்குவே. பென்டிரைவ் வருவான், போவான். பிரிண்டர் குடும்பஸ்தர். அவுகளுக்குப் பின்வாசல்தான்."

மெஷினுக்கு மரியாதை, மனிதனுக்கு 'வே'. இது அவருடைய இலக்கணம்.

வீட்டுக்குள் வந்ததும் மெஷினைத் தொட மாட்டார். குடும்பத்தை வரிசையாக நிற்க வைத்து விசாரணை. "கடைசியா இவுகளைத் தொட்டது யாரு?" யாரும் தொடவில்லை என்பார்கள். "அப்ப தானா எழும்பிப் போய் கேபிளைப் புடுங்கிட்டு வந்தாகளா?" பத்து நிமிடத்தில் ஒருவர் ஒப்புக்கொள்வார். செம்பூரில் ஒரு மாமா, கேட்காமலேயே பழைய குற்றம் இரண்டையும் சேர்த்து ஒப்புக்கொண்டார். அவற்றுக்கும் பிரிண்டருக்கும் சம்பந்தமில்லை.

கேபிளைப் பிடுங்கினால் உடனே சொருகக் கூடாது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதற்கு அவர் கடிகாரம் பார்ப்பதில்லை. "ஒரு ஃபாஸ்ட், ஒரு ஸ்லோ போகட்டும்" என்று ரயில் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் பராமரிப்பு வேலை. நாங்கள் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

சான்பாடாவில் ஒரு வீட்டில் கம்ப்யூட்டர் படுக்கையறையில், பிரிண்டர் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில். நடுவில் மூன்று கேபிள்களை ஒட்டுப்போட்டு இழுத்திருந்தார்கள். அண்ணாச்சி அதன் ஓரமாகவே நடந்து போய்விட்டுத் திரும்பி வந்து கேட்டார்: "இது பிரிண்டருக்குப் போற கேபிளா, பன்வேலுக்குப் போற ரயில் லைனா?"

இப்படிப்பட்டவரின் கொள்கையே ஒருநாள் தோற்றது. அன்று பணயத்தில் இருந்தது என் தங்கை மகள் சுபாவின் கல்யாணம்.

சுபாவும் ஹரியும் ஐரோலியில் ஒரே அலுவலகம். அவர்கள் முடிவு செய்தாயிற்று. எங்கள் பக்கம் சம்மதம். ஹரியின் அம்மாவுக்கு மட்டும் மாட்டுங்கா ஜோசியர் வாயால் ஒரு வார்த்தை வேண்டும். தங்கைக்கு அன்று காய்ச்சல் என்பதால் நான்தான் சுபாவை அழைத்துப் போனேன்.

ஜோசியர் நல்ல மனிதர். மகன் வாங்கிக் கொடுத்த புதுக் கம்ப்யூட்டரில் ஜாதகம் அடிப்பார். ஆனால் எல்லாப் பக்கத்தையும் ஒரேயடியாக அடிக்க மாட்டார். ஒரு பக்கம் அடித்து, இரண்டு வரி விளக்கம் சொல்லி, பிறகு அடுத்தது. ஏழாம் பக்கம் கல்யாணப் பொருத்தம். அதற்கு முன்னால் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பிரார்த்தனை.

ஆறு பக்கம் அழகாக வந்தது. நீண்ட பிரார்த்தனை முடிந்து பொத்தானை அழுத்தினார். கம்ப்யூட்டர் 'டொங்' என்றது. யூஎஸ்பி சாதனத்தை அடையாளம் தெரியவில்லை என்று திரையில் ஒரு வரி.

அணைத்து, போட்டு, மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். ஜாதகத்தைப் பாதியிலிருந்து அடிக்கக் கூடாதாம். மறுபடி ஆறு பக்கம். மறுபடி பிரார்த்தனை. மறுபடி டொங். மூன்றாவது தடவையும் அதே இடம்.

"இந்த ரெண்டு மாசமா சில பேருக்கு இப்படித்தான் நிக்கறது" என்றார் ஜோசியர் தணிந்த குரலில். "நாலு குடும்பத்தைப் பரிகாரத்துக்கு அனுப்பியிருக்கேன்."

ஹரியின் அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "கிளம்பலாம், ஹரி. மூணு தடவை ஆச்சு. இதுக்கு மேல பகவான் எப்படிச் சொல்லுவார்?"

"அம்மா, அது பிரிண்டர்மா."

"பிரிண்டரை நிறுத்தறது யாரு?"

நான் பால்கனிக்குப் போய் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரம் காத்திருக்கும்படி அந்த அம்மாளைக் கெஞ்சி உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம்தான், அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது என்றார்.

அண்ணாச்சி இருபது நிமிடத்தில் வந்துவிட்டார். கேபிள் இருந்த இடத்தைப் பார்த்தார். முன்வாசல். முகம் மலர்ந்தது.

"சாமி, ஊருக்கே வழி சொல்லுதீய. உங்க பிரிண்டரை வாசல்ல நிறுத்தி வெச்சிருக்கீயளே" என்றபடி மேசைக்கு அடியில் புகுந்து பின்னால் சொருகினார். "இப்ப அடிங்க."

ஆறு பக்கம் வந்தது. பிரார்த்தனை நடந்தது. டொங்.

பின்வாசலில் சொருகியும் நின்ற பிரிண்டரை அண்ணாச்சி தன் வாழ்நாளில் பார்த்ததில்லை. மேசைக்கு அடியிலேயே கிடந்தார். ஒரு ஃபாஸ்ட், இரண்டு ஸ்லோ போயின. தண்ணீர் வேண்டுமா என்று ஹரி அம்மாவிடம் மறுபடி கேட்டான்; அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சுபா என்னைப் பார்த்தாள்.

"சாமி," என்றது மேசை. "முதல்லருந்து எப்படிச் செய்வீயளோ அப்படியே செய்ங்க. கும்பிடறது உள்பட. நான் இங்கனயே கெடக்கேன்."

ஐந்தாவது முறை. ஆறாம் பக்கம் முடிந்தது. ஜோசியர் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் அண்ணாச்சியின் குரல் கேட்டது.

"அந்தா. இவுகளும் மூடிட்டாக."

ஜோசியர் ஒரு கண்ணைத் திறந்தார்.

"கேபிள் பக்கத்துல ஒரு குட்டி லைட்டு இருக்கு சாமி. நீங்க கண்ணை மூடுன கொஞ்ச நேரத்துல அதுவும் அணைஞ்சிட்டு. புதுக் கம்ப்யூட்டர், கரண்டு மிச்சம் பிடிக்கும். யாரும் வேலை கொடுக்கலன்னா யூஎஸ்பியைத் தூங்க வெச்சிரும். இந்தப் பிரிண்டருக்குத் தூங்கத் தெரியுது, எழும்பத் தெரியல."

"அப்போ மத்தவாளுக்கெல்லாம் ஏழாம் பக்கம் வந்ததே?"

"அவுகளுக்குக் கொஞ்சமாக் கும்பிட்டிருப்பீய."

ஜோசியர் யோசித்தார். வேண்டியவர்களுக்குப் பிரார்த்தனை நீளும் என்பதை ஒப்புக்கொண்டார். அவர் மனதாரக் கும்பிட்ட ஜாதகங்கள் மட்டும் நின்றிருக்கின்றன.

"அப்போ இது சனி இல்லையா?"

"ஒரு டிக் மார்க்கு, சாமி" என்று வெளியே வந்தார் அண்ணாச்சி. கம்ப்யூட்டரின் அமைப்புகளுக்குள் போய், மின்சாரம் சேமிக்க இதை அணைக்கலாம் என்ற வரிக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தார். மறுபடி மேசைக்கு அடியில் போய் லைட்டுக்குக் காவல் இருந்தார்.

ஆறாவது முறை. ஜோசியர் கும்பிட்ட கும்பிடு, மாட்டுங்கா கண்டிராத நீளம். அந்த அறையில் மூச்சு விட்டது பிரிண்டர் ஒன்றுதான். பொத்தானை அழுத்தினார். கிர்ர் என்றது. ஏழாம் பக்கம் ஒவ்வொரு வரியாக இறங்கியது.

எல்லோரும் குனிந்தோம். இத்தனை பாடுபட்டு வந்த பக்கத்தில், பொருத்தம்: மத்திமம் என்று இருந்தது.

நல்லது என்றும் இல்லை, கெட்டது என்றும் இல்லை. ஹரியின் அம்மா காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்னால் ஒன்றுமில்லை. ஜோசியர் வாயைத் திறந்தார். அந்த அம்மாள் கையமர்த்தினார். பகவான் என்று அவர் நினைத்ததை டிக் மார்க் என்று நிரூபித்த மனிதரிடம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கோ. உங்களுக்கு என்ன தோண்றது?"

அண்ணாச்சி கையைத் துடைத்துக்கொண்டார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

"எனக்கு மெஷினுதான் தெரியும், தாயி. ஆனா நான் கீழ கெடந்த நேரத்துல, உங்க மவன் அந்தப் புள்ளைட்ட 'தண்ணி குடிச்சியா'ன்னு மூணு தடவை கேட்டுட்டாரு. உங்ககிட்ட நாலு தடவை. கணக்கு சரியாத்தான் இருக்கு."

அந்த அம்மாள் மகனைப் பார்த்தார். சுபாவைப் பார்த்தார். கைப்பையைக் கீழே வைத்தார். "தேதி பாருங்கோ" என்றார் ஜோசியரிடம்.

படி இறங்கும்போது அண்ணாச்சியிடம் கேட்டேன், அந்தப் பதற்றத்தில் இதையெல்லாம் எப்படி எண்ணினார் என்று.

"எண்ணவெல்லாம் இல்லவே. கீழ இருந்து பாத்தா காலுதானே தெரியும். அந்தப் புள்ளைக்குக் காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடுது. அந்தப் பையன் அவ பாதத்து மேல தன் பாதத்தை வெச்சு அமுக்கிக்கிட்டே இருந்தான், ஆட்டம் நிக்குத வரைக்கும். அதை அவன் அம்மாட்ட சொல்ல முடியுமா? அதான் தண்ணின்னு சொன்னேன்."

பத்திரிகை ஆபீசில் ஆயிரக்கணக்கான செய்திகளில் எதை வைக்கலாம், எதை வெட்டலாம் என்று முடிவு செய்து பிழைத்தவன் நான். இதைவிடச் சரியான வெட்டு பார்த்ததில்லை.

கல்யாணத்துக்கு வெள்ளைச் சட்டையில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்து முன்வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். பெண்ணுக்கு இவர் என்ன உறவு என்று ஹரி வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்டார். சுபாவுக்குத் தாய்மாமன் நான் ஒருவன்தான் என்பது அந்த மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"மூத்த மாமா" என்றேன்.