டீயால் உலகை அளந்த ஐ.நா. அக்கா

எந்த நாட்டில் பெண்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க, பெரிய படிப்பு படித்தவர்களெல்லாம் வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் ஐ.நா. அக்கா அதை ஒரு டீயில் முடித்துவிடுவார்.

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் அக்கா தையல் செக்‌ஷன் சூப்பர்வைசர். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுப்பவர்கள் வந்தால் கூடவே போய் மொழிபெயர்ப்பது என் வேலை. ஒருமுறை வந்த இத்தாலிக்கார அம்மாள், பெண்களின் நிலையைப் பார்த்து நாடுகளுக்கு ரேங்க் போடுகிறார்கள் என்றார். எப்படி என்று அக்கா கேட்டார். படிப்பு, சம்பளம், சட்டசபையில் எத்தனை பெண்கள் என்று அந்த அம்மாள் அடுக்க, நான் மூச்சிரைக்க மொழிபெயர்த்தேன்.

"இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்றார் அக்கா. "வூட்ல டீ யாரு போடுறாங்கன்னு கேட்டா தெரிஞ்சிடப் போவுது. நீ கேளு."

கேட்டேன். வீட்டுக்காரர்தான் போடுவார் என்றார் அந்த அம்மாள். அந்த இடத்திலேயே இத்தாலிக்கு முதலிடம் கிடைத்தது. அடுத்த முறை வந்தபோது அவருக்கு விவாகரத்தாகியிருந்தது. இத்தாலி ஒரே நாளில் கடைசிக்குப் போய்விட்டது. ஜெர்மனிக்காரர் ஒருவர் கல்யாணமே ஆகாதவர், தன் டீயைத் தானே போட்டுக்கொள்பவர். ஜெர்மனிக்கு அடித்தது யோகம். ஜப்பான்காரர் டீயே குடிப்பதில்லை என்றுவிட, ஜப்பானை எங்கே வைப்பது என்று சாப்பாட்டு நேரம் முழுக்க அக்கா கவலைப்பட்டார்.

இந்தியாவின் கதி அக்காவின் வீட்டுக்காரர் கையில் இருந்தது. ஆட்டோ ஓட்டும் அந்த மனுஷர் காலையில் டீ போட்டுக் கொடுத்தால் இந்தியா ஏறும். சண்டை என்றால் இறங்கும். வேலூரில் கம்பெனி பஸ் ஏறியதுமே எல்லோரும் கேட்போம்.

"அக்கா, இன்னிக்கு இந்தியா எப்டி?"

"அவரு மூஞ்சத் தூக்கி வச்சினு இருக்காரு. நாடு எங்க உருப்படப் போவுது?"

இப்படிப்பட்டவரை, என்னைப் பெண் பார்க்க வரும் நாளில் அம்மா எங்கள் சத்துவாச்சாரி வீட்டுக்கு அழைத்துவிட்டார். என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்ல கம்பெனி ஆள் ஒருவர் வேண்டுமாம். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரே நிபந்தனை: கல்யாணமானதும் நான் வேலையை விட வேண்டும். அப்பா தலையாட்டிவிட்டார். எனக்கு வேலையை விட மனமில்லை, அதைச் சொல்லத்தான் தைரியமில்லை. வழக்கப்படி தட்டில் டீயோடு வந்து நின்றேன்.

அக்கா டம்ளரைத் தொடாமல் மாப்பிள்ளையைப் பார்த்தார். "தம்பிக்கு டீ போடத் தெரியுமா?"

எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மா பெருமையாகச் சிரித்தார். "எங்க புள்ளைக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குதுன்னே தெரியாதுங்க."

"அப்ப இந்தியா அவ்ளோதான்."

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. என் அம்மா ஜாடை காட்டிப் பார்த்தார். அக்கா அதைக் கண்டுகொள்ளாமல் என் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வேலைய விடணும்னு இவங்க சொல்றாங்க. உங்கப்பாவும் சரின்ட்டாரு. நீ இன்னா சொல்ற? உன்ன யாருனா கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. ஊர் உலகத்தார் வீட்டு சமாச்சாரத்தையெல்லாம் கேட்டு மொழிபெயர்த்த என்னிடம், என் சமாச்சாரத்தை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

"விட மாட்டேங்க்கா" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டார் மிக்சரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்கள். அக்கா பெயரை எடுத்தாலே அப்பா வெகுநாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர்கள் வந்துபோன மறுநாள் பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இந்தியா எப்படி என்று கேட்டவர்களைக் கையமர்த்தினார். "எம்மேல கோவமா?" என்று மெல்லக் கேட்டார்.

உங்களைப் போல எனக்கு யார் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் நினைத்தேன். அவர் தோளில் சாய்ந்து ஆம்பூர் வரைக்கும் தூங்கிவிட்டேன்.