எரிந்த வீட்டுக்கு ஒரு டேங்கோ

"யோவ் ரெய்னோ, மூணாவது வரியிலேயே வீடு எரியுதேய்யா!"

எஸ்கோ இதை மேடையில் பாடிக்கொண்டிருந்தவனைப் பார்த்து வெறும் வாயசைப்பில்தான் சொன்னான். கத்த முடியாத நிலைமை. அவன் கைகளுக்குள் ஹெல்வி ஆடிக்கொண்டிருந்தாள்.

லிஃப்ட் ரிப்பேர்க்காரனான எஸ்கோவுக்கு ஐம்பத்து மூன்று வயது. இந்தக் கோடை முழுக்க, ஞாயிறு தவறாமல், ஏரிக்கரை நடன மண்டபத்தில் ஹெல்வியோடு ஆடியிருக்கிறான். இத்தனை நாளில் அவளிடம் பேசியது மொத்தம் ஒரே வாக்கியம்: "இந்த வருஷம் கொசு ஜாஸ்தி." இன்று கடைசி ஆட்டம். இன்று பூட்டினால் மண்டபம் இனி அடுத்த ஜூனில்தான் திறக்கும். பக்கத்து ஊரில் பஸ் ஓட்டும் ஹெல்வியை அதற்குள் எவனாவது கட்டிக்கொண்டு போய்விட்டால்?

வாயால் சொல்ல வராது. ஃபின்லாந்தில் எங்கள் ஆண்கள் யாருக்குமே வராது, பாட்டு இருப்பதே அதற்குத்தான். ஆகவே பாடகன் ரெய்னோவிடம் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தான்: 'ஏரிக்கரையில் நம் வீடு. ஹெல்விக்காக.' துள்ளலான மெட்டு, தேன் மாதிரி தலைப்பு. முப்பது வருஷமாக இதற்கு ஆடியவன் இன்றுதான் முதல்முறையாக வார்த்தையைக் காது கொடுத்துக் கேட்டான். முதல் சரணத்தில் வீடு எரிந்தது. இரண்டாவதில், அணைக்க வந்த தீயணைப்புக்காரனோடு மனைவி போய்விட்டாள்.

அவன் முகம் போன போக்கைப் பார்த்த ரெய்னோ அவசரமாக அடுத்த பாட்டை மாற்றினான். தலைப்பு, 'என்ன ஒரு சந்தோஷம்!' கேட்கிறவர்கள் அழுது மூக்கை உறிஞ்சும் டேங்கோ நடனப் பாட்டு அது. ஒருத்தன் உறைந்த ஏரியில் குளிர்காலம் பூராவும் தனியாகத் தூண்டில் போடுகிறான். மீனும் கிடைக்கவில்லை.

ஒரு தடவை ஆடக் கூப்பிட்டால் இரண்டு பாட்டு, பிறகு பெண்ணை அவள் பெஞ்சில் கொண்டுபோய் விடவேண்டும். இதுதான் முறை. எஸ்கோ விடவில்லை. இந்த லட்சணத்தில் எப்படி விடுவான்?

"ஒரு நிமிஷம் ஹெல்வி. இன்னும் ஆடலாம்."

ஹெல்வி அவனைப் பார்த்தாள். பிடித்திருந்த கையைப் பார்த்தாள். "இன்னுமா?"

"ஆமா. இதெல்லாம் சரியில்ல."

அவள் காது சிவந்துவிட்டது. போச்சு, கோபம் வந்துவிட்டது என்று எஸ்கோ பதறினான். அவளையும் இழுத்துக்கொண்டு மேடைப் பக்கம் போனான்.

"ரெய்னோ, நல்லதா ஒண்ணு பாடேன்யா!"

"தலைப்பு நல்லா இருக்கணுமா, உள்ள நல்லா இருக்கணுமா? ரெண்டும் சேர்ந்தாப்ல நம்ம பாட்டுல கிடையாது."

"உள்ள, உள்ள!"

ரெய்னோ மைக்கை எடுத்தான். "அடுத்து, ஹெல்விக்காக நம்ம எஸ்கோ ஆசையா கேட்ட பாட்டு: 'இனி உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன்!'"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. எஸ்கோ வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"கவலைப்படாத, ரெண்டாவது சரணத்துல திரும்பி வந்துடுவான், கல்யாணம், மூணு குழந்தை" என்று ரெய்னோ கண்ணடித்தான். ஆனால் இரண்டாவது சரணம் வருவதற்குள் காப்பி இடைவேளை மணி அடித்துவிட்டது. எங்கள் ஊரில் காப்பிக்கு முன்னால் கல்யாணமாவது, குழந்தையாவது! அக்கார்டியன்காரர் பாதி மூச்சில் பெட்டியை மூடிவிட்டார்.

இடைவேளைக்கு ஸ்பீக்கரில் ரீமிக்ஸ் போட்டார்கள். அதே ஏரிக்கரை வீடுதான். ஏரியை வெட்டி, கரையை வெட்டி, தீயணைப்புக்காரனையும் வெட்டியாகிவிட்டது. மிச்சம் ஒரே வார்த்தை.

"எரியுது! எரியுது! எரியுது!"

இருநூறு பேர் கையைத் தூக்கிக்கொண்டு ஆனந்தமாகக் குதித்தார்கள். எஸ்கோ மட்டும் ஹெல்வியின் கையைப் பிடித்தபடி மரமாக நின்றான்.

"ஹெல்வி, நான் இப்படிச் சொல்ல வரலைங்க..."

"எப்படி?"

"எரியுதுன்னு."

"எஸ்கோ, கொஞ்சம் கையை விடுங்க."

விட்டான். அவள் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி வைக்கும் கோட்டு அறைப் பக்கம் நடந்தாள்.

எல்லாம் முடிந்தது. இனி ஜூன் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன. கொஞ்ச நேரம் நின்றவன், கோட்டை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போவோம் என்று தானும் அங்கே போனான். கோட்டு அறையைப் பார்த்துக்கொள்ளும் ஐலியக்கா காலுறை பின்னிக்கொண்டிருந்தாள். எஸ்கோ தன் கோட்டுக்குக் கொடுத்த நம்பர் வில்லையை நீட்டினான்.

"ஹெல்வி ரொம்பக் கோபமா போனாளா அக்கா? எல்லாப் பாட்டும் தப்பாப் போச்சு. ஒண்ணுல வீடு எரியுது, ஒண்ணுல மீனே கிடைக்கல..."

ஐலியக்கா ஊசியைக் கீழே வைத்தாள்.

"பாட்டுல வார்த்தையெல்லாம் எவன்டா கேக்குறான்? பாட்டு முடிஞ்சும் ஊரு பார்க்க அவ கையை விடாமப் புடிச்சுக்கிட்டு நின்னியே, அதுக்கு மேல என்ன சொல்லணும்? வில்லை இல்லாம நான் யாருக்கும் கோட்டு குடுத்ததில்ல, உன் கோட்டை இன்னிக்கு அவ கேட்டதும் அவகிட்டக் குடுத்துட்டேன். கார் சாவி அந்தக் கோட்டுப் பையிலதான இருந்துச்சு? உன் காரை ஸ்டார்ட் பண்ணி வெச்சுக்கிட்டு உனக்காக உக்காந்திருக்கா, ஓடு!"